ஆறு தெரியும் அறை எங்கே?

வெளியூர் போகிறோம். குடும்பத்தோடு போகிறோம். எங்கே தங்குவது?

இந்தக் கேள்வியைத்தான் நாம் எல்லாவற்றுக்கும் கடைசியில் கேட்கிறோம். ரயிலுக்கு 2 மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுகிறோம். முறுக்கும் அதிரசமும் சுட்டு டின்னில் அடைத்துவிடுகிறோம். தங்கும் இடத்தை மட்டும், "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் கைபேசியில் நாலு படத்தைப் பார்த்து மயங்கி, பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

இரண்டும் தப்பு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் வேண்டுதல்

என் அம்மா பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். கல்யாணம் ஆகி வெகுதூரம் போய்விட்டார். பிறந்த வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராகப் போனபிறகு அந்தப் பக்கம் வருவதும் நின்றுவிட்டது.

எனக்கு 4 வயதில் அம்மை போட்டிருந்ததாம். அப்போது அம்மா வீரபாண்டி கவுமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றில் குளித்து, ஈரச் சேலையோடு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாக வேண்டுதல். பிள்ளை பிழைத்தான். வேண்டுதல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக நாங்கள் புறப்பட்டபோது பிள்ளைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

வீரபாண்டி, தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர். கோவில் முல்லையாற்றங்கரையில் இருக்கிறது. கண் பார்வை இழந்த வீரபாண்டிய மன்னனுக்கு இங்கே பார்வை திரும்பியது என்பது தல புராணம். சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். அந்த நாளில் பக்கத்து ஊர்களிலும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

நான் கைபேசியில் தேடினேன். ஒரு லாட்ஜின் படம் கிடைத்தது. ஜன்னல் திறந்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடுகிறது. கரையில் தென்னை மரங்கள். ஆறு தெரியும் அறைக்கு 400 ரூபாய் கூடுதல் என்றார்கள். கட்டிவிட்டேன். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

போய்ச் சேர்ந்தபோது ராத்திரி மணி பத்து. அறை மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. அம்மா ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார். எதிரே பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். அதன்மேல் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.

"என்னய்யா, ஆறு எங்கே?" என்றார் அம்மா.

சாமான் தூக்கி வந்த பையன் பதில் சொன்னான்: "மொட்டை மாடிக்குப் போனாத் தெரியும் ஆத்தா!"

மறுநாள் காலையில் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. கீழே இறங்க முடியவில்லை. வேண்டிக்கொண்டவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய் ஆற்றில் குளித்துக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு செம்பில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் அவர் காலமாகிவிட்டார்.

அந்த லாட்ஜின் பெயர் இங்கே வேண்டாம். குற்றத்தில் பாதி என்னுடையது. "எத்தனையாவது மாடி? லிப்ட் உண்டா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஓடிப்போகும் பயணிகள்

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலோர் இரண்டே இடத்தில்தான் தங்குகிறார்கள். ஒன்று, தேனி பஸ் நிலையத்தைச் சுற்றி. மற்றொன்று, மலைக்கு மேலே குமுளியில். நடுவில் இருக்கும் ஆற்றங்கரை ஊர்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.

தேனியில் தங்குவதில் சவுகரியம் உண்டு. மறுப்பதற்கில்லை. 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனிக்குத் திரும்பி வந்தது. 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூர் வரை போகிறது. சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் காலையில் தேனியில் இறங்கலாம். ஆனால் தேனி பெரிய சந்தை ஊர். லாரியும் பஸ்சும் விடியவிடிய ஓடும். அங்கே படுத்து எழுந்தவருக்குப் பள்ளத்தாக்கு என்றால் ஹாரன் சத்தம்தான் ஞாபகம் வரும்.

குமுளியிலோ, தங்குகிறவர் மனம் தேக்கடிப் படகில் இருக்கிறது. கீழே இருக்கும் பள்ளத்தாக்கு அவருக்கு வெறும் வழி.

என் அபிப்பிராயம் இதுதான்: இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் முல்லையாற்றங்கரையில் உள்ள ஏதாவது ஒரு பழைய ஊரில்தான் தங்கவேண்டும். ஒரு ராத்திரியாவது தங்கவேண்டும். ஏன் என்றால், இங்கே ஆறுதான் ஊர். ஆற்றை எடுத்துவிட்டால் பள்ளத்தாக்கில் ஒன்றும் இல்லை.

மேற்கே போன தண்ணீர்

பெரியாறு மேற்கே பார்த்து ஓடுகிற ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையை எல்லாம் அரபிக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஜனங்கள் பஞ்சத்தில் வாடினார்கள். 1887-ல் கர்னல் பென்னிகுவிக் என்ற ஆங்கில எஞ்சினீயர் அணை கட்டும் வேலையைத் தொடங்கினார். காடு, வெள்ளம், காய்ச்சல் எல்லாவற்றோடும் போராடி, 1895-ல் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள்.

அந்தத் தண்ணீர்தான் லோயர் கேம்ப் பக்கம் கீழே இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வரிசையாக ஊர்களைத் தொட்டுக்கொண்டு, வைகையில் போய்ச் சேருகிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. மழை கைகொடுத்தால் ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் உண்டு. 2013-ல் திறக்கப்பட்டது. அவருடைய பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலும் அதை ஒட்டியே வருகிறது. அன்றைக்கு அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கும் ஜனங்களை இந்தப் பக்கத்தில் பார்க்கலாம். வெள்ளைக்காரர் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் பொங்கல் வைக்கிறார்கள் என்றால், தண்ணீரின் அருமை அப்படி!

எந்த ஊர்?

சின்னமனூர் என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான். சரித்திரம் படித்தவர்கள் சின்னமனூர்ச் செப்பேடுகளைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பாண்டிய மன்னர்களின் வரலாற்றுக்கு அவை முக்கியமான சான்று. மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் பெரிய செப்பேடு சொல்கிறது. ஊரில் பூலாநந்தீசுவரர் கோவில் இருக்கிறது. மேகமலைக்குப் போகும் ரோடும் சின்னமனூரிலிருந்துதான் பிரிகிறது. மலை ரோட்டில் இருட்டிய பிறகு வண்டியை விடுவதில்லை. மேகமலை போக நினைப்பவர்கள் முதல் நாள் சின்னமனூரில் தங்கி, விடியற்காலையில் புறப்படுவதே புத்திசாலித்தனம்.

எனக்குப் பிடித்தது உத்தமபாளையம்.

பெரிய ஊர் அல்ல. ஆடம்பரம் கிடையாது. தென்காளகஸ்தி என்று பெயர் பெற்ற காளாத்தீசுவரர் கோவில் இங்கே இருக்கிறது. ராகு, கேது பரிகாரத்துக்கு ஜனங்கள் வருகிறார்கள். ஊருக்குப் பக்கத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும் வட்டெழுத்தும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்டவை. 1956-ல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் கவுதியா கல்லூரியும் இங்கேதான். அதில் படித்தவர்கள் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கிறார்கள். கோவில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் அடுத்தடுத்துக் கேட்கும் ஊர்.

இடமும் தோதானது. பள்ளத்தாக்கின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. குச்சனூர்ச் சனீசுவரர் கோவில் ஒரு பக்கம். கம்பமும் சுருளி அருவியும் இன்னொரு பக்கம். எங்கே போனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். திரும்பும்போது சுருளிப்பட்டிப் பக்கம் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சையைப் பார்க்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. தோட்டத்து வாசலிலேயே எடை போட்டுக் கொடுப்பார்கள்.

கேட்கவேண்டியதைக் கேளுங்கள்

சரி, ஊரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பகலில் போய்ச் சேருங்கள். ராத்திரியில் போனால் எந்த அறையும் போதும் என்று தோன்றும். லாட்ஜ்காரருக்கும் அது தெரியும். பகலில் போனால், பணம் கட்டுவதற்கு முன்னால், "அறையைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். கத்தரிக்காய் வாங்கும்போதே நாம் காம்பைத் திருகிப் பார்க்கிறோம்.

அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்க்காதீர்கள். விரிப்பு எல்லா இடத்திலும் வெள்ளையாகத்தான் இருக்கும். முதலில் குளியலறைக்குப் போங்கள். குழாயைத் திறங்கள். தண்ணீர் வருகிறதா? கொண்டி விழுகிறதா? தரை வழுக்குகிறதா? வயதானவர்கள் கூட வந்தால், கழிப்பறை உட்காரும் மாதிரியா, குந்தும் மாதிரியா என்று பாருங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஜெனரேட்டர் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறதா, கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி எதிரே இருக்கிறதா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். ரயிலில் காலையில் வந்து இறங்குகிறவர்கள் இதை அவசியம் கேட்கவேண்டும்: "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" காலை எட்டு மணிக்கு அறை எடுக்கிறீர்கள். 12 மணிக் கணக்கு என்றால் நாலு மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை போய்விடும். இந்தச் சண்டையை நான் எத்தனையோ லாட்ஜ் வாசலில் பார்த்திருக்கிறேன். முதலில் கேட்டவர்கள் சண்டை போடுவதில்லை. பில்லையும் கவனியுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். முன்பு 12 சதவீதமாக இருந்தது.

கைபேசியில் பார்த்துப் பணம் கட்டத்தான் வேண்டும் என்றால், கட்டுவதற்கு முன் லாட்ஜுக்கே போன் செய்யுங்கள். எந்த மாடி, எந்த ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே என்ன என்று கேளுங்கள். பேசுகிறவர் எரிந்துவிழுந்தால் அந்த இடம் வேண்டாம். போனில் எரிந்துவிழுகிறவர், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வெந்நீர் கேட்டால் என்ன செய்வார்?

ஆற்றங்கரையில் தங்குகிறவர்கள் ஆற்றைப் பற்றியும் விசாரிக்கவேண்டும். முல்லையாறு பார்க்கச் சாதுவாக இருக்கும். மேலே அணையில் திறக்கும் அளவைக் கூட்டினால் கீழே இழுப்பு அதிகமாகிவிடும். ஊர்க்காரர் இறங்காத துறையில் நீங்கள் இறங்காதீர்கள். "இன்றைக்குத் தண்ணீர் எப்படி? பிள்ளைகள் குளிக்கலாமா?" என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்கிற லாட்ஜ்காரர்தான் நல்ல லாட்ஜ்காரர். ஏ.சி., டி.வி. எல்லாம் அதற்குப் பிறகு.

மீகாங் நதிக்கரையில்

லாவோஸ் என்று ஒரு நாடு. தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே லுவாங் பிரபாங் என்று ஒரு பழைய ஊர். மீகாங் நதியும் நாம் கான் என்ற சிறு ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் ராஜதானி. புத்த விகாரைகள் நிறைந்த ஊர். 1995-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே என்ன செய்தார்கள்? பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டவில்லை. மரவீடுகளையும், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஓட்டு வீடுகளையும் செப்பனிட்டு, தங்கும் விடுதி ஆக்கினார்கள். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்து அந்த வீடுகளில் தங்குகிறார்கள். விடியற்காலையில் பிட்சுக்கள் வரிசையாகப் பிச்சை ஏற்று வருவதைத் தெருவில் நின்று பார்க்கிறார்கள். சாயங்காலம் நதிக்கரையில் உட்காருகிறார்கள். வேறு வேலை இல்லை!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் செட்டிநாட்டையே பாருங்கள். கானாடுகாத்தானில் ஒரு தகப்பனார் தம் மகளுக்காகக் கட்டிய வீடு, இன்று 'விசாலம்' என்ற பெயரில் விடுதியாக இருக்கிறது. அங்கே வாடகை நம் போன்றவர்களுக்கு எட்டாது. அது வேறு விஷயம். ஆனால் வீடு இடியாமல் நிற்கிறது.

நமக்கு இது புதிதும் அல்ல. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்குத் தலைசாய்க்க இடம் வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட ஒரு ராணிக்குத் தோன்றியிருக்கிறது. இன்று முல்லையாற்றங்கரை ஊர்களில் லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு ஆறு ஞாபகம் வருவதில்லை. முகப்பு நெடுஞ்சாலையைப் பார்க்கிறது. கழிவுக் குழாய் ஆற்றைப் பார்க்கிறது. வாடகைக்கு வருகிறவரும் கேட்பதில்லை, கட்டுகிறவரும் யோசிப்பதில்லை. அவர்களை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. "கார் நிறுத்த இடம் உண்டா?" என்று கேட்பவர்கள் நூறு பேர் என்றால், "ஆறு எந்தப் பக்கம்?" என்று கேட்பவர் ஒருவர்கூட இல்லை.

மூன்று படிகள்

போன மாதம் மறுபடி உத்தமபாளையம் போனேன். பகலில்தான் போனேன். அறையைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். சாதாரண லாட்ஜ்தான். தரைத் தளம். வெந்நீர் வந்தது. கொண்டி விழுந்தது.

சாயங்காலம் ஆற்றுப் பக்கம் நடந்தேன். ஒரு பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். முன்கட்டில் அவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். பின்கட்டு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் பெங்களூரில்.

"பின்கட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடலாமே, ஐயா?" என்றேன். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு, ஒன்று முதல் ஆறு அறை வரை விருந்தினருக்கு விட, சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ளும் திட்டம் இருக்கிறது என்று சொன்னேன். காலைப் பலகாரமும் வீட்டிலேயே கொடுக்கலாம்.

பெரியவர் சிரித்தார். "இந்த ஊர்ல வந்து தங்குறதுக்கு யாருப்பா வரப்போறா? எல்லாரும் தேக்கடிக்கில்ல போறாக!" என்றார்.

உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார். "வரட்டுமே! இட்லி அவிச்சுப் போட எனக்கென்ன வலிக்குதா? தம்பிக்கு வீட்டைத் திறந்து காட்டுங்க!"

பெரியவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனோம். இரண்டு அறைகள். நெல் குதிர் ஒன்று மூலையில் இருந்தது. ஒட்டடை படிந்திருந்தது. சுவர் உறுதியாக இருந்தது. பெரியவர் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி நகர்த்தினார். கதவு திறந்தது. தென்னந்தோப்பு. தோப்புக்கு அப்பால் முல்லையாறு ஓடிக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து அங்கே வரை எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே வந்திருந்தேன். மூன்று.